கூதிர்காலமும் அடுக்ககக் குடும்பங்களும்: ஓய்வும் ஓர் அமானிதமே



ஓய்வு என்ற பேச்சு எழுந்தால் நம் சமுதாயத்தில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஊர் சுற்றுவது வீண் விரயம், பிள்ளைகள் அந்த நேரத்தில் இரண்டு பக்கம் கூடுதலாக ஓதட்டும் என்பது ஒரு குரல். பிள்ளைகள் வாரமெல்லாம் படித்துக் களைத்துவிட்டார்கள், எதையாவது வாங்கிக் கொடுத்து எங்காவது அழைத்துச் சென்றால் போதும் என்பது மற்றொரு குரல். முதற்குரலுக்குச் செவிசாய்த்த வீட்டில் பிள்ளை கைப்பேசியோடு மூலையில் ஒதுங்குகிறான். இரண்டாம் குரலுக்குச் செவிசாய்த்த வீட்டில் அதே பிள்ளை குளிரூட்டப்பட்ட வணிக வளாகத்தில் அதே கைப்பேசியோடு அமர்ந்திருக்கிறான். இரண்டு வீட்டிலும் அவன் கண் வானத்தையோ மண்ணையோ காணவில்லை.

காலாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரையுள்ள மூன்று மாதங்களை அடுக்ககங்களில் வாழும் நம் குடும்பங்கள் எவ்வாறு செலவிடலாம் என்பதைக் காவிரிக் கரையிலிருந்து சிந்திக்க விரும்புகிறோம். திருக்காட்டுப்பள்ளியில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. குடமுருட்டி ஆறு காவிரியிலிருந்து பிரியும் இடம் இது. நகரத்து அடுக்ககங்களில் பொங்கும் சோற்றின் ஒரு பகுதிக்கு நீர் பாயும் வழியில்தான் நம் ஊர் இருக்கிறது.

நமக்குரிய இலையுதிர் காலம்

ஆங்கிலப் பாடநூல்களில் இலையுதிர் காலம் என்றால் செந்நிற இலைகள் உதிரும் படம் ஒன்று இருக்கும். நம் பிள்ளைகளும் அதற்கு வண்ணம் தீட்டுகிறார்கள். தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று வைத்தார்கள். அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கம். தமிழகம் ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை இந்தப் பருவமே கொண்டுவருகிறது. மேலைநாட்டில் இலை உதிரும் அதே மாதங்களில் நம் டெல்டாவில் நாற்று மண்ணில் இறங்குகிறது.

ஆகவே நம் இலையுதிர் காலம் மழைக்காலம். இதை உணராமல் 'மழை வந்துவிட்டது, இனி வெளியே போக முடியாது' என்று மூன்று மாதங்களைக் கதவுக்குள் கழிப்பது, ஆண்டின் மிகச் செழிப்பான பகுதியைப் பிள்ளைகளிடமிருந்து பறிப்பதற்கு ஒப்பாகும்.

மழையை நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. மழை பெய்தபோது அண்ணலார் தம் மேனியின் ஒரு பகுதியிலிருந்து ஆடையை விலக்கி மழைத்துளி படும்படி நின்றார்கள். ஏனென்று தோழர்கள் வினவியபோது, அது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது என்னும் கருத்தில் விடையளித்தார்கள். இந்த ஹதீஸைப் பாடமாக ஓதும் பிள்ளை, ஐந்தாம் மாடிச் சன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டே ஓதினால் அதன் பொருள் அவன் நெஞ்சில் எப்படி இறங்கும்?

அடுக்ககத்தில் குறைவது எது?

படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் டெல்டாவின் முஸ்லிம் குடும்பங்கள் தஞ்சைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும், கடல் கடந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று அடுக்ககங்களில் வாழ்கின்றன. அதில் குறை காண ஏதுமில்லை. அடுக்கக வாழ்வில் பாதுகாப்பு உண்டு. பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் அருகில் கிடைக்கின்றன. அங்கே இல்லாதது திண்ணையும் வாசலும் கொல்லையும். இவை மூன்றும் இருந்த வீட்டில் ஓய்வைத் தனியாகத் திட்டமிட வேண்டிய தேவை எழவில்லை. பிள்ளை வாசலில் ஆடினான், பெண்கள் கொல்லையில் கூடிப் பேசினார்கள், பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்தார்கள்.

அடுக்ககத்தில் மொட்டைமாடி பூட்டப்பட்டிருக்கிறது. கீழ்த்தளம் முழுவதும் வாகனங்கள். பந்து எடுத்தால் காவலாளி வருகிறார். பிள்ளையின் நிலை இதுவென்றால் தாயின் நிலை இன்னும் இறுக்கமானது. அவருக்கு வெளியே செல்வது என்பது பெரும்பாலும் பள்ளி வாயில் வரை சென்று திரும்புவதுதான். துணையை இழந்தபின் மகனுடைய அடுக்ககத்துக்கு அழைத்துவரப்பட்ட நன்னிமாவின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். அறுபது ஆண்டுகள் வயலையும் வாய்க்காலையும் பார்த்த கண்கள் எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவருக்கு வேளாவேளைக்கு உணவும் மருந்தும் தரப்படுகின்றன. ஆனால் அவரிடம் உள்ள அறிவைக் கேட்பார் யாருமில்லை.

ஆகவே கூதிர்காலப் பயணத்தைப் பற்றி நாம் பேசும்போது குழந்தைகளை மட்டும் கருதவில்லை. ஒரு குடும்பத்தில் வெளியே செல்ல வாய்ப்புக் குறைந்தவர் யாரோ, அவரை முன்வைத்தே பயணம் திட்டமிடப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

மார்க்கம் ஓய்வை எங்கே வைக்கிறது?

மனிதர்களில் பலர் இழப்புக்குள்ளாகும் இரண்டு அருட்கொடைகள் உடல்நலமும் ஓய்வுமே என்ற நபிமொழி புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. இதை எடுத்துக்காட்டி ஓய்வையே குற்றமாகப் பேசுவோர் உண்டு. ஓய்வு அருட்கொடை என்றே அந்த நபிமொழி தொடங்குகிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். இழப்பு ஓய்வினால் வருவதன்று. அதைக் கவனமின்றிச் செலவழிப்பதால் வருவது. கணக்குக் கேட்கப்படும் பொருளை அமானிதம் என்கிறோம். ஓய்வும் அவ்வகையைச் சேர்ந்ததே.

ஹன்ழலா (ரலி) அவர்கள், நபியவர்களின் அவையில் மறுமை கண்முன் தெரிவதாகவும், வீட்டுக்குச் சென்று மனைவி மக்களோடு கலந்தபின் அந்நிலை மறைந்துவிடுவதாகவும் கூறி, தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என்று கலங்கினார்கள். அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்னும் பொருள்பட அண்ணலார் ஆறுதல் கூறிய செய்தி முஸ்லிமில் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களோடு அண்ணலார் பயணத்தின்போது ஓட்டப் போட்டி வைத்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். சிறுவர் அபூஉமைர் தாம் வளர்த்த சிறு பறவை இறந்து வருந்தியிருந்தபோது, அந்தப் பறவையைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்தவர்களும் அவர்களே. மனைவிக்கு நேரம் கொடுப்பதும் ஒரு குழந்தையின் பறவைக்கு மதிப்புக் கொடுப்பதும் தூதுப்பணிக்குக் குறுக்கே வந்த தடைகளாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதற்கும் மேலாக, குர்ஆன் பார்க்கும்படி ஏவுகிறது. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று பல இடங்களில் சொல்கிறது. ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் விரிந்த நிலத்தையும் கவனிக்கச் சொல்கிறது. அல்வாகிஆ அத்தியாயத்தில், நீங்கள் விதைப்பதை முளைக்கச் செய்பவர் யார் என்றும், நீங்கள் அருந்தும் நீரை மேகத்திலிருந்து இறக்குபவர் யார் என்றும் கேள்வி எழுப்புகிறது. விதையையும் முளையையும் கண்ணால் கண்டிராத பிள்ளைக்கு இக்கேள்வி வெறும் சொற்களாகவே நிற்கும்.

வயலே முதற் பாடசாலை

டெல்டாவின் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஒரு விந்தை நிகழ்கிறது. ஜூன், ஜூலையில் விதைத்த குறுவை ஒரு வயலில் அறுவடையாகிறது. பக்கத்து வயலில் சம்பா நாற்று நடப்படுகிறது. குறுவை அறுத்த நிலத்தில் தாளடிக்கு உழவு நடக்கிறது. நெல்லின் பிறப்பையும் முடிவையும் ஒரே நாளில் ஒரே சாலையில் காணக் கிடைக்கும் காலம் இதுவே. தஞ்சையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரும் வழியிலும் பூதலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இதைக் காண எந்த நுழைவுச் சீட்டும் வேண்டியதில்லை.

அங்கே நின்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை பல. சேற்றில் குனிந்து நடவு செய்யும் பெண்களைக் காட்டுங்கள். அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்கத்திலிருந்து வந்து நடவு செய்யும் தொழிலாளர்களையும் காணலாம். மொழி தெரியாத ஊரில் உழைக்கும் அவர்களின் பாட்டையும் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் அருகே வாகனத்தை நிறுத்துங்கள். அறுத்த நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடிக் காத்துக்கிடக்கும் விவசாயியைப் பார்ப்பீர்கள். நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் கொள்முதல் விதி இடம் தராது. தளர்வு கோரி விவசாயிகள் குரல் எழுப்புவது ஆண்டுதோறும் நடப்பது. நாற்றுக்கு ரஹ்மத்தாகப் பெய்யும் அதே மழை, குவியலுக்குச் சோதனையாகப் பெய்கிறது. 'பயனுள்ள மழையாக ஆக்குவாயாக' என்னும் கருத்தில் மழையின்போது நபியவர்கள் கேட்ட துஆவின் ஆழம் அந்தத் தார்ப்பாயின் அருகே நிற்கும்போது விளங்கும்.

ஃபிக்ஹுப் பாடத்தில் ஒரு விதியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். வானமும் ஊற்றும் நீர் பாய்ச்சிய விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, மனிதர் இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒரு பங்கு என்பதே அது. இந்த வேறுபாடு ஏன் என்று வகுப்பில் கேட்டால் விடை வருவதில்லை. வாய்க்காலில் தானே ஓடிவந்து பாயும் வயலையும், ஆழ்குழாய்க் கிணற்றில் மின்மோட்டார் வைத்து இறைக்கும் வயலையும் அடுத்தடுத்துக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளையும் விடை சொல்லும். உழைப்பும் செலவும் கூடிய இடத்தில் அல்லாஹ் சுமையைக் குறைத்திருக்கிறான் என்பதை அவனே கண்டுபிடிப்பான்.

இந்தப் பயணத்தில் நன்னிமாவை முன்னிருக்கையில் அமரச் செய்யுங்கள். நாற்றங்கால் எது, நடவு வயல் எது, எந்த நெல் எத்தனை மாதத்துக்குரியது என்று அவர் சொல்லத் தொடங்குவார். பேரப்பிள்ளைகளுக்கு அன்று அவரே உஸ்தாத்.

கல்லணையும் கரைவெட்டியும்

நம் ஊருக்கு மேற்கே, அரை மணி, முக்கால் மணிப் பயணத்தில் கல்லணை இருக்கிறது. திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பேருந்துகள் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் தாய்மார்களுக்குச் செலவு ஒரு தடையாக நிற்க வேண்டியதில்லை.

கல்லணைக்குச் செல்வோர் பலர் பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, வறுத்த மீன் வாங்கித் தின்று திரும்பிவிடுகிறார்கள். மீனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் நான்காகப் பிரிவதைப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எண்ணிக் காட்ட வேண்டும். கரிகாலன் பெயரால் வழங்கும் இந்த அணையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து, ஆழமான மணற்படுகையில் கற்களைக் கொண்டே அடித்தளம் அமைக்கும் முறையைக் கற்றார். மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தவை. குறுவைக்கு ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பது மரபு. திறந்த நீர் மூன்று நான்கு நாட்களில் கல்லணையை வந்தடைகிறது. குழாயைத் திருகினால் வரும் நீர், எத்தனை தலைமுறையின் உழைப்பினூடே வருகிறது என்பதை அறிந்த பிள்ளை, உளூச் செய்யும்போது குழாயைத் திறந்துவிட்டு நிற்கமாட்டான்.

கார்த்திகை பிறந்தபின் செல்ல மற்றோர் இடம் உண்டு. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் உள்ள கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. காவிரி நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் அங்கே கொண்டு சேர்க்கிறது. இமயத்தைக் கடந்து பறந்துவரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே தங்குகின்றன. மன்னார்குடிப் பக்கத்தில் இருப்போர்க்கு வடுவூர் ஏரி அருகில் உள்ளது. அதுவும் 2022 முதல் ராம்சர் இடமே. பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் கூறுவதை, ஆயிரக்கணக்கில் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கும் அந்தக் கூட்டத்தின் முன் நின்று ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

நேரம் இல்லையா?

விடுமுறை முழுவதும் சிறப்பு வகுப்பு நடத்துங்கள் என்று மதரஸாக்களைக் கேட்கும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். பிள்ளை வீட்டில் இருந்தால் கைப்பேசியைத் தொடுகிறான் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அவர்களின் கவலை உண்மையானது. ஆயினும் மதரஸா என்பது பிள்ளையை அடைத்துவைக்கும் இடமாக ஆகிவிடக் கூடாது. ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணிநேரம் மனனம் செய்தவற்றை மீட்டி ஓதட்டும். எஞ்சிய பகலைப் பெற்றோர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். உன் இறைவனுக்கும் உன் உடலுக்கும் உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற கருத்தில் ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்குச் சொன்னதை நபியவர்கள் உண்மையென்று ஏற்றார்கள். தந்தையோடு கழியும் ஒரு பகலும் பிள்ளையின் உரிமையே. அதைக் கட்டணம் செலுத்தி வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

முதலாவது, நீர். கொள்ளிடத்திலும் காவிரியிலும் குளிக்க இறங்கியோர் மூழ்கிய செய்திகளை ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோம். மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றின் அடியில் மணற்பள்ளங்களும் சுழல்களும் இருக்கும். மதகு திறந்தால் நீர்மட்டம் நிற்பவர் உணருமுன் உயரும். நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைக்கு ஆறு தெரியாது. ஆகவே இந்த மாதங்களில் ஆற்றில் இறங்குவதே வேண்டாம், கரையிலிருந்து பார்ப்போம். உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்பதை உஸ்தாதுகள் வகுப்பிலும் கதீபுகள் ஜும்ஆ உரையிலும் இப்பருவத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, வானம். இடி கேட்டவுடன் திறந்த வயலை விட்டு வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ திரும்பிவிடுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மழைக்காலத்தில் வரப்பில் பாம்புகள் இருக்கும், காலணியின்றி நடக்காதீர்கள். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. அத்தகைய நாளுக்குத் தஞ்சை அரண்மனை வளாகமும் அங்குள்ள சரசுவதி மகால் நூலகக் காட்சிக்கூடமும் பொருத்தமானவை. ஓலைச்சுவடியையும் கையெழுத்துப் பிரதியையும் கண்ட பிள்ளைக்குக் கிதாபின் மீதுள்ள மதிப்புக் கூடும்.

மூன்றாவது, தொழுகை. புறப்படுமுன் வழியிலுள்ள பள்ளிவாசல்களையும், பெண்கள் தொழவும் உளூச் செய்யவும் இடமுள்ளவற்றையும் கேட்டறிந்து கொள்ளுங்கள். இந்த மாதங்களில் பகல் குறுகும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நேரம் குறைவு. சென்னையிலிருந்து வரும் குடும்பங்கள் தம் மத்ஹபின்படி கஸ்ர் தொழுகையைப் பிள்ளைகளுக்குச் செயலில் கற்றுத்தர இது நல்ல வாய்ப்பு. ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பெண்களுக்கென ஒரு சிறிய மறைவிடமும் கழிப்பறையும் அமைத்துக் கொடுத்தால், பயணத்தில் தொழுகையைத் தவறவிடும் சகோதரிகள் எத்தனையோ பேருக்கு அது உதவியாகும்.

நான்காவது, நடத்தை. நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தை வரவழைக்கும் என்று நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். பிரியாணிப் பொட்டலத்தையும் நெகிழித் தட்டையும் ஆற்றங்கரையில் விட்டுவருவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வயலில் உழைப்போரை அவர்களின் இசைவின்றிப் படம் பிடிப்பதும் கண்ணியமன்று.

வர இயலாதவர்களுக்கு

ஷார்ஜாவிலும் துபாயிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு அக்டோபர் இறுதிதான் வெப்பம் தணிந்து மாலையில் வெளியே கால்வைக்க இயலும் காலம். கடற்கரை நடையும் பூங்காவும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. சிங்கப்பூரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அக்கட்டடங்கள் பலவற்றின் தரைத்தளம் சுவரின்றித் திறந்துவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் ஆடவும் முதியோர் அமரவும் திருமணமும் இறுதி மரியாதையும் நடக்கவும் அதுவே பொதுவான வாசல். நம் நகர அடுக்ககங்களில் வாகனத்துக்குக் கொடுத்த தரைத்தளத்தில் ஒரு மூலையையாவது மனிதர்களுக்குக் கேட்டுப் பெறக் குடியிருப்போர் சங்கத்தில் நாம் பேசலாம். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் இந்தத் தேவை அவர்களுக்கும் உரியதே.

மொட்டைமாடிச் சாவியையும் மாதம் ஒருமுறையாவது கேட்டுப் பெறுங்கள். 29-ஆம் நாள் மஃரிபுக்குப் பின் குடும்பத்தோடு மேலேறி மேற்கு வானில் பிறையைத் தேடுங்கள். ரமளானுக்கும் ஷவ்வாலுக்கும் மட்டும் பிறை பார்ப்பது என்றாகிவிட்டது. மேகம் மறைத்தாலும் குற்றமில்லை. தேடியதே பிள்ளையின் நினைவில் நிற்கும்.

வருகின்ற காலாண்டு விடுமுறையில் ஒரே ஒரு பகலை இதற்கென ஒதுக்குங்கள். வீட்டில் நெடுநாளாக வெளியே செல்லாதவர் யார் என்று பார்த்து, அவர் எங்கே போக விரும்புகிறார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அல்லாஹ் இவ்வாண்டின் மழையை நாற்றுக்கும் களத்து நெல்லுக்கும் நம் இல்லங்களுக்கும் பயனுள்ளதாக ஆக்குவானாக. நம் ஓய்வைக் கணக்குக் கேட்கும் நாளில் நாம் வெட்கமின்றி விடைசொல்ல அருள்வானாக. ஆமீன்.